கழிவில்லாமல் கட்டக் கற்றுக்கொள்ள எங்கே போவது? வகுப்பு, பட்டறை, பழைய சாமான் கடை

அக்கா மகன் சிவில் முடித்து ஒரு வருஷம் ஆகிறது. சைட்டில் வேலை பார்க்கிறான். வேலை பிடிக்கவில்லை என்று இல்லை, ஆனால் தினமும் சாயங்காலம் டிராக்டரில் ஏறிப்போகும் உடைந்த செங்கல்லையும் இறுகிப்போன கலவையையும் பார்த்து மனசு கேட்கவில்லை என்று போன மாதம் போன் செய்தான். "மாமா, கழிவே இல்லாமல் கட்டுவது, ஒருமுறை கட்டினதையே திரும்ப எடுத்துப் பயன்படுத்துவது, இந்தச் சுழற்சிப் பொருளாதாரம் என்கிறார்களே, அதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஒதுக்கப் போகிறேன். எங்கே சேரட்டும்?" என்றான். கூடவே நான்கு இணைப்புகள் அனுப்பினான். ஆன்லைன் படிப்பு ஒன்று, ஆரோவில் பயிற்சி ஒன்று, பசுமைக் கட்டடத் தேர்வு ஒன்று, நெதர்லாந்தில் மேல்படிப்பு ஒன்று.

அவனுக்கு எழுதிய பதில் நீண்டுகொண்டே போய்விட்டது. இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருப்பார்கள், அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவன் அனுப்பிய நான்கில் எதுவும் முதல் படி இல்லை. பழைய வீடுகளைப் பிரித்து, நிலை, ஜன்னல், உத்தரம், கல் என்று விற்கிறார்களே, அந்த ஆட்களிடம்தான் முதலில் போக வேண்டும். மற்ற நான்கும் அதற்குப் பிறகுதான் நன்றாகப் புரியும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு வீட்டின் கதையைச் சொல்ல வேண்டும்.

புதுக்கோட்டை பக்கம் எங்கள் தாத்தா வீடு. நாட்டு ஓடு, நடுவில் முற்றம், பனங்கைகள், நான்கு தேக்கு உத்தரங்கள், சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர். பன்னிரண்டு வருஷம் முன்பு அதை எடுத்துவிட்டுப் புது வீடு கட்டலாம் என்று குடும்பத்தில் முடிவானபோது, கட்டட வேலை தெரிந்தவன் என்று பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நான் ஜேசிபி வைத்தேன். காலையில் ஏழு மணிக்கு வந்த வண்டி மூன்று மணிக்குள் வேலையை முடித்துவிட்டது. ஓடுகளில் பாதிக்கு மேல் நொறுங்கிப்போனது, உத்தரங்களில் மூன்று நடுவில் பிளந்தன, சுவரில் இருந்த கல்லெல்லாம் மண்ணோடும் காரையோடும் கலந்து ஒரு மேடாகக் கிடந்தது. அந்த மேட்டை எட்டு டிராக்டரில் ஏற்றிக் கண்மாய்க் கரைப் பள்ளத்தில் கொட்டினோம். அதற்கு நான்தான் பணமும் கொடுத்தேன்.

மறுநாள் பக்கத்து ஊரில் பழைய சாமான் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. "தம்பி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு ஆளோடு வந்து எட்டு நாளில் பிரித்திருப்பேன், உங்களுக்குப் பணமும் கொடுத்திருப்பேன்" என்றார். நான் பணம் கொடுத்துக் கண்மாயில் கொட்டிய பொருளுக்கு அவர் எனக்குப் பணம் கொடுக்கத் தயாராக இருந்தார். நான்கு வருஷம் கல்லூரியில் படித்ததில் ஒரு பாடத்தில்கூட இந்தக் கணக்கு எனக்கு வரவில்லை.

தமிழில் இதற்கு ஏற்கெனவே இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன, இடிப்பது, பிரிப்பது. கீற்றுக் கூரையை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து மேய்வார்கள். இற்றுப்போன கீற்று அடுப்புக்கோ எருக்குழிக்கோ போகும், நல்ல மூங்கில் திரும்பவும் அதே கூரையில் ஏறும். பிரிக்க முடிந்ததற்குக் காரணம் கட்டிய விதம்தான், கயிற்றால் கட்டியிருந்தார்கள், அவிழ்க்க முடிந்தது. ஓட்டு வீடும் அப்படியே, ஓடு ரீப்பர் என்ற மெல்லிய மரச் சட்டத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், கையால் எடுத்துவிடலாம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல்லை ஒரு கொத்துக் கரண்டியால் தட்டினால் காரை உதிர்ந்து கல் முழுசாக வரும். சிமெண்ட் கலவையில் கட்டிய கல் அப்படி வராது. கலவை கல்லைவிடக் கெட்டியாக இருக்கும், தட்டினால் கல்தான் உடையும். ஆக, எந்தப் பொருள் என்பதைவிட எந்த ஒட்டு என்பதுதான் முக்கியம். நான் இந்தத் துறையில் புரிந்துகொண்டதில் பெரியது இதுதான், கீழே ஒவ்வொரு வழியையும் இதை வைத்துத்தான் எடை போடுகிறேன்: அங்கே போனால் ஒட்டைப் பற்றிக் கற்றுக்கொள்வோமா?

ஆன்லைன் படிப்பிலிருந்து தொடங்குகிறேன், எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எட்எக்ஸ் தளத்தில் கட்டடத் துறைக்கென்றே சுழற்சிப் பொருளாதாரப் படிப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. நம் நாட்டு என்பிடெல் தளத்தில் நிலைத்த கட்டுமானம் பற்றி ஐஐடி பேராசிரியர்கள் எடுத்த பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, சான்றிதழ் வேண்டும் என்றால்தான் தேர்வுக்கட்டணம். இவற்றில் உண்மையிலேயே சரக்கு இருக்கிறது. கட்டடம் என்பது ஒரே பொருள் இல்லை, வேறு வேறு ஆயுள் உள்ள அடுக்குகள் என்ற பார்வை எனக்கு அப்படித்தான் கிடைத்தது. தூணும் தளமும் அறுபது எழுபது வருஷம் நிற்கும், வயரிங்கும் தண்ணீர்க் குழாயும் அதில் பாதிகூட வராது. நாம் என்ன செய்கிறோம்? சுவரில் காடி எடுத்துக் குழாயைப் புதைத்துப் பூசிவிடுகிறோம். பதினைந்து இருபது வருஷத்தில் குழாய் கசிந்தால் டைல்ஸ், பூச்சு, கல் எல்லாவற்றையும் உடைக்கிறோம். குறைந்த ஆயுள் உள்ளதை நீண்ட ஆயுள் உள்ளதற்குள் புதைக்காதே என்ற ஒரு வரியைப் புரிந்துகொண்டால் போதும், ஒரு வீட்டின் வாழ்நாளில் எத்தனையோ டிராக்டர் இடிபாடு மிச்சம்.

கோபன்ஹேகனில் 2019-ல் முடித்த ரிசோர்ஸ் ரோஸ் என்ற குடியிருப்பைப் பற்றியும் இப்படிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதன் சுவருக்குக் கல் வந்தது கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலைகளின் பழைய கட்டடங்கள் போன்ற இடங்களிலிருந்து. சிமெண்ட் கலவையில் கட்டியவை என்பதால் கல்லைத் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. அதனால் லெண்டேகர் என்ற அந்தக் கட்டடக்கலை நிறுவனத்தார் சுவரையே ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பலகைகளாக அறுத்து எடுத்து, அந்தப் பலகைகளை அடுக்கிப் புதுச் சுவர் எழுப்பினார்கள். படித்தபோது எனக்குத் தாத்தா வீட்டுச் சுவர்தான் ஞாபகம் வந்தது. அவர்கள் அறுவை எந்திரம் கொண்டுவந்து, புது முறை கண்டுபிடித்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது, எங்களுக்கு ஒரு கொத்துக் கரண்டி போதுமாக இருந்தது, அப்படியும் நான் காப்பாற்றவில்லை.

ஆன்லைனில் என்ன குறை என்றால், அங்கே வரும் உதாரணங்கள் பெரும்பாலும் இரும்புச் சட்டம், மரச் சட்டம், போல்ட் போட்டு முடுக்கிய இணைப்பு. நாம் கட்டுவதோ ஆர்சிசி, அதாவது கம்பி போட்ட கான்கிரீட் தூண், செங்கல் அல்லது ஏஏசி என்ற எடை குறைந்த கான்கிரீட் கல், சிமெண்ட் பூச்சு. அந்தப் பாடத்தைக் கேட்டுவிட்டு நேராக நம் சைட்டுக்குப் போனால் எங்கே தொடங்குவது என்று தெரியாது. பாதியில் விட்டுவிடுகிற ஆபத்தும் உண்டு, நானே இரண்டு படிப்புகளைப் பாதியில் விட்டிருக்கிறேன். மாலை நேரத்துக்கு நல்லது, முழு நேரத்துக்கு இல்லை.

வெளிநாட்டு மேல்படிப்பைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஆராய்ச்சிக்கோ, அரசுக்குக் கொள்கை எழுதும் வேலைக்கோ போக நினைப்பவர்களுக்கு அது சரி. எந்தக் கட்டடத்தில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பதிவுசெய்து வைக்கும் மடாஸ்டர் போன்ற ஏற்பாடுகள் நெதர்லாந்தில் நடைமுறையில் இருக்கின்றன, அதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது பெரிய அனுபவம்தான். ஆனால் திருச்சியிலோ மதுரையிலோ வீடு கட்டும் தொழிலுக்குத் திரும்பப் போகிறவன் அதற்காக லட்சக்கணக்கில் கடன் வாங்க வேண்டாம்.

பசுமைக் கட்டடத் தேர்வு என்றால் ஐஜிபிசி (இந்தியப் பசுமைக் கட்டட மன்றம்), கிரிஹா என்ற பசுமை மதிப்பீட்டு முறை இரண்டும்தான் முதலில் வரும். ஐஜிபிசி 2001-ல் தொடங்கியது, தலைமையிடம் ஹைதராபாத், இந்தியத் தொழில் கூட்டமைப்பின் கீழ் வருகிறது. கிரிஹாவை உருவாக்கியது டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம். இந்தத் தேர்வுகளை எழுதினால் ஒரு கட்டடத்துக்குப் புள்ளி எப்படிக் கணக்கிடுகிறார்கள், கட்டுமானக் கழிவை எப்படிப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள் என்று தெரியவரும். பெரிய நிறுவனத்தில் வேலை தேடுகிறவர்களுக்கு இது உதவும், பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள ஒரு தகுதி கிடைக்கும். ஆனால் எதை எப்படி இணைத்தால் பின்னால் பிரிக்க முடியும் என்பது அங்கே கைக்கு வராது. படித்து எழுதும் தேர்வு, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தத் தகுதிக்கு மதிப்பு கூடப்போகிறது, காரணம் சட்டம். 2016-ல் வந்த கட்டுமான, இடிபாட்டுக் கழிவு விதிகளின்படியே ஒரு நாளைக்கு 20 டன் அல்லது ஒரு திட்டத்துக்கு மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவு வரும் இடங்களில் கான்கிரீட், மண், இரும்பு மரம் பிளாஸ்டிக், செங்கல் கலவை என்று நான்காகப் பிரித்து வைக்க வேண்டியிருந்தது. 2025-ல் புது விதிகள் அறிவித்தார்கள், 2026 ஏப்ரல் 1 முதல் அமல். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்பளவுள்ள திட்டங்களில் கழிவுக்குக் கட்டுகிறவரே கடைசிவரை பொறுப்பு என்கிறது அது. ஆகவே பெரிய கம்பெனிகளுக்கு இந்தக் கணக்கு தெரிந்த ஆள் வேண்டும். நம் ஊர் 1,200 சதுர அடி வீட்டுக்கு இந்த வரம்பு எதுவும் வராது. எங்கள் தாத்தா வீட்டுக்கும் வந்திருக்காது.

சரி, இனி கையால் செய்து கற்கும் இடங்கள். இங்கே கொஞ்சம் நிறைய எழுதுகிறேன், ஏனென்றால் நம் பக்கம் உலகத் தரத்தில் இரண்டு மூன்று இடங்கள் இருக்கின்றன, நமக்கே அது அவ்வளவாகத் தெரியாது.

ஆரோவில் மண் கட்டடக் கழகத்தின் தொடக்கம் 1989. அழுத்திய மண் கல் செய்வதையும், அந்தக் கல்லில் வளைவு, கவிமாடம் கட்டுவதையும் பயிற்சியாகச் சொல்லித் தருகிறார்கள். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள். மனையிலேயே தோண்டிய மண், அதோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட், ஒரு கை அழுத்து எந்திரம், சூளை கிடையாது, விறகு கிடையாது. எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் பள்ளத்தைப் பார்க்கும் விதம். மண் எடுத்த பள்ளம் என்ன ஆகப்போகிறது என்பதை முதல் நாளே திட்டமிட வேண்டும், அது மழைநீர்த் தொட்டியாகவோ கீழ்த்தளமாகவோ ஆக வேண்டும் என்பார்கள். மண்ணை ஒரு இடத்திலும் பள்ளத்தை இன்னொரு இடத்திலும் விட்டுவிடுகிற நம் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து. மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து, முகர்ந்து, தண்ணீரில் கரைத்துப் பார்த்து, மணல் எவ்வளவு களி எவ்வளவு என்று சொல்லும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் பிறகு போகாது.

திருவண்ணாமலை பக்கம் தணல் என்ற குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போய், சிமெண்டே சேர்க்காமல் மண், சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று பழைய கட்டு முறைகளை மீட்டெடுத்துப் பயிலரங்குகள் நடத்தியிருக்கிறார்கள். ஒட்டு என்ற என் அளவுகோலை வைத்துப் பார்த்தால் இதுதான் முதலில் நிற்கும். சிமெண்ட் சேராத மண் சுவர் நாளைக்கு விழுந்தால் மழையில் கரைந்து திரும்ப மண்ணாகும், அதையே குழைத்துத் திரும்பக் கட்டலாம். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் மூன்று மாடி கேட்கிறார், வங்கிக் கடன் வாங்கிக் கட்டுகிறார் என்றால் இந்த வித்தையை முழுசாக அங்கே கொண்டுபோக முடியாது. சுண்ணாம்புப் பூச்சு, தளத்துக்குச் செங்கல் தூள் சேர்த்த சுர்க்கிக் காரை, உள் சுவர் என்று பகுதி பகுதியாகத்தான் கொண்டுபோகலாம். அதுவே பெரிய விஷயம்தான்.

அப்புறம் திருவனந்தபுரம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, கடைசியில் கேரளத்திலேயே தங்கி 2007-ல் மறைந்தவர். அவர் வழியில் 1985-ல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பு இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறது, பயிற்சியும் தருகிறது. பேக்கர் தன் சொந்த வீட்டை நாலாஞ்சிறை குன்றில் வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார், இடித்த வீடுகளிலிருந்து வந்த கதவு, ஜன்னல், உடைந்த ஓட்டுத் துண்டு எல்லாம் அதில் இருக்கின்றன. அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு, அதாவது செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது, கல்லில் சுமார் கால் பங்கை மிச்சம் பிடிக்கும். நான் இரண்டு வீடுகளில் கட்டிப் பார்த்திருக்கிறேன். முதல் வீட்டில் கொத்தனார்கள் மூன்று நாள் முகம் சுளித்தார்கள், நான்காம் நாள் வேகம் வந்துவிட்டது.

பேக்கர் முறையில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட் வெறும் இட நிரப்பிதானே, அந்த இடத்தில் பழைய சீமை ஓட்டைப் பதித்துவிட்டால் கான்கிரீட் மிச்சம், வீடும் குளிர்ச்சி, பார்க்கவும் அழகு. எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஓடு அதற்குப் பிறகு எப்போதும் வெளியே வராது. முழுசான நல்ல ஓட்டைக் கான்கிரீட்டுக்குள் புதைப்பதை நான் ஏற்க மாட்டேன், கூரைக்கு இனி ஆகாத, விரிசல் விட்ட ஓட்டைப் புதைக்கலாம். சிக்கனமும் சுழற்சியும் எப்போதும் ஒன்றாகவே போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இந்த இடத்தில்தான் அவை பிரிகின்றன என்று தெரிந்தது.

இந்த மூன்றில் எது என்று கேட்டால், இளைஞர்களுக்கு ஆரோவில், சொந்த வீடு கட்டப்போகிறவர்களுக்கு பேக்கர் வழி, சுண்ணாம்பு மேல் ஆசை வந்துவிட்டவர்களுக்குத் திருவண்ணாமலை. தேதியும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும், நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். சேருவதற்கு முன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: பயிற்சியில் கட்டும் சுவர் கடைசி நாளில் என்ன ஆகும்? பிரித்து அடுத்த குழுவுக்கு வைக்கிறோம் என்று பதில் வந்தால் தயங்காமல் சேரலாம்.

இப்போது பழைய சாமான் கடை. கொஞ்சம் பெரிய ஊர் எதுவானாலும் வெளியே போகும் சாலையில் நிலைகளும் ஜன்னல்களும் வரிசையாகச் சாய்த்து வைத்த ஒரு கொட்டகை இருக்கும். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு முழுக்கச் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பொருள்கள்தான். அங்கே விற்பது பழம்பொருள் ஆசைக்கு என்பதால் விலை வேறு. நான் சொல்வது அதைவிடச் சாதாரணக் கடை, ஓட்டு வீட்டை மொத்தமாக விலை பேசிப் பிரித்து, அந்தச் சாமானை இன்னொரு வீடு கட்டுகிறவருக்கு விற்கும் கடை.

இவர்கள் ஒரு வீட்டைப் பார்த்து விலை சொல்லும் பத்து நிமிஷத்தைக் கவனியுங்கள், அதுவே ஒரு பாடம். முதலில் மேலே பார்ப்பார்கள், உத்தரம் என்ன மரம், முனை செல்லரித்திருக்கிறதா என்று. அப்புறம் ஒரு ஓரத்தில் பூச்சைச் சுரண்டி உள்ளே சுண்ணாம்பா சிமெண்டா என்று பார்ப்பார்கள். சுண்ணாம்பு என்றால் கல்லுக்கும் சேர்த்து விலை. தேக்குக் கட்டைகளின் மேல் சித்துக்கல் என்ற சின்னச் செங்கல்லை அடுக்கித் தளம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் அந்தக் கட்டையும் கல்லும் கணக்கில் சேரும். எண்பதுகளுக்குப் பிறகு கட்டிய கான்கிரீட் வீடு என்றால் முகம் மாறிவிடும், கம்பியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்றதை அள்ள நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டும் என்பார்கள். ஒரு வீட்டுக்கு அவர் பணம் கொடுக்கிறார், இன்னொரு வீட்டுக்கு நாம் அவருக்குப் பணம் கொடுக்கிறோம். வித்தியாசம் முழுக்க ஒட்டில் இருக்கிறது. இதை இவ்வளவு பச்சையாக எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது.

பிரிக்கும் வேலையில் நின்றால் இன்னும் நிறைய. கட்டினதற்கு நேர் எதிர் வரிசையில்தான் எல்லாம் நடக்கும். வயர், குழாய், கதவு, ஜன்னல், பிறகு ஓடு, ரீப்பர், பனங்கை, உத்தரம், பிறகு சுவர், கடைசியில் அஸ்திவாரக் கருங்கல். மரத்தில் சாக்கட்டியால் எண் போடுவார்கள். ஆணியை நெம்பாமல் பின்பக்கம் தட்டி எடுப்பார்கள், நெம்பினால் மரம் பிளக்கும். எந்த இணைப்பு எளிதாகக் கழன்றது, எது உயிரை வாங்கியது என்று உங்கள் கையே ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் வரையும் ஒவ்வொரு வரைபடத்திலும் அந்தக் கை குறுக்கே வந்து நிற்கும்.

இந்த வழியின் மோசமான பக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். தலைக்கவசம், கையுறை, பாதுகாப்புக் கயிறு எதுவும் பெரும்பாலும் கிடையாது. கல் சுத்தம் செய்யும் பெண்கள் நாள் முழுக்கச் சுண்ணாம்புத் தூசியில் உட்கார்ந்திருப்பார்கள், கூலி கல் கணக்கில். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுத்தியால் உடைத்து இறக்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அந்த நார்த் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். அப்படி ஒரு இடத்தில் நிற்காதீர்கள், நிற்கும் மற்றவர்களிடமும் சொல்லுங்கள். இன்னொன்று, பழைய கம்பியை நிமிர்த்தி விற்பார்கள், விலை குறைவு என்று தூணுக்கும் பீமுக்கும் வாங்குகிறவர்கள் உண்டு. கூடவே கூடாது. வளைத்து நிமிர்த்திய, துருவேறிய கம்பி உருக்காலைக்குத்தான் போக வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று மனிதர் தலைமேல் விழுகிற காரியத்தைச் செய்யக் கூடாது. சான்றிதழ் எதுவும் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஒரு மாதம் அங்கே நின்றதை வேலை தேடும் விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

கான்கிரீட் இடிபாட்டை அரைத்து ஜல்லியாக்கும் ஆலைகளைப் போய்ப் பார்க்கலாமே என்று மருமகன் கேட்டான். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மாநகராட்சி அப்படி ஆலைகள் அமைத்திருக்கிறது. அனுமதி கிடைத்தால் ஒரு நாள் போய்ப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். 2022-ல் நொய்டாவில் இரட்டைக் கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்தபோது கிட்டத்தட்ட 80,000 டன் இடிபாடு குவிந்ததாகச் சொன்னார்கள். அவ்வளவையும் அரைத்தால்கூடத் திரும்ப அதே மாதிரிக் கோபுரம் கட்ட முடியாது. நம் ஐ.எஸ். 383 தரநிலை 2016-ல்தான் அரைத்த கான்கிரீட் ஜல்லிக்கு இடம் கொடுத்தது, கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்25 என்ற வலிமைத் தரம் வரை 20 சதவீதம், கம்பி இல்லாததில் 25 சதவீதம், அடியில் போடும் மெலிந்த கான்கிரீட்டில் மட்டும் முழுசாக. இந்த எண்களை ஒவ்வொரு எஞ்சினியரும் மனப்பாடம் செய்ய வேண்டும், பிசிசி என்கிற கம்பி இல்லாத கான்கிரீட் போடும்போதாவது இதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனாலும் அரைப்பது கடைசிப் படி. கல்லாக எடுக்க முடிந்ததைக் கல்லாக எடுத்துவிட்டு மிஞ்சுவதைத்தான் அங்கே அனுப்ப வேண்டும்.

மருமகன் அனுப்பிய பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும், காசு செலவே இல்லாதது, நம் சைட்டின் குப்பை மேடு. ஒரு வாரம், டிராக்டரில் ஏறுவதற்கு முன், என்ன போகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் எழுதியபோது கம்பித் துண்டுதான் கண்ணில் குத்தியது. கம்பி 12 மீட்டர் நீளம் வருகிறது. 4.1 மீட்டர் துண்டு வேண்டும் என்று வரைபடம் சொன்னால் ஒரு கம்பியில் இரண்டுதான் வரும், 3.8 மீட்டர் மிச்சம். 12 மி.மீ. கம்பி மீட்டருக்குச் சுமார் 0.89 கிலோ, அப்படி 50 கம்பி வெட்டினால் 170 கிலோவுக்குப் பக்கத்தில் துண்டாக நிற்கும். கம்பியும் கம்பியும் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டிய இணைப்பு நீளத்துக்குக் குறைவு வராமல் 4 மீட்டரில் முடிக்க முடியுமா என்று வடிவமைத்த எஞ்சினியரிடம் கேட்டால், முடியும் என்றால் மூன்று துண்டு, மிச்சம் பூஜ்யம். முடியாது என்றால் அந்த 3.8 மீட்டர் கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் எந்த லிண்டலுக்குப் போகும் என்று வெட்டுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பூசும்போது சுவரடியில் ஒரு தார்ப்பாய் விரித்தால் சிந்தும் கலவையை அரை மணி நேரத்துக்குள் திரும்ப அள்ளலாம். மேஸ்திரிகளுக்கு இதெல்லாம் தெரியும். யாரும் கேட்பதில்லை, அதனால் செய்வதில்லை.

ஆக, ஆறு மாதம் கையில் இருக்கிற சிவில் படித்த பையனுக்கு நான் சொன்னது இது. முதல் ஒன்றரை மாதம் பிரிக்கும் ஆட்களோடு, ஷூவும் தலைக்கவசமும் உன் செலவில், கூலி கேட்காதே, ஆனால் சும்மா நிற்கவும் செய்யாதே. பிறகு ஆரோவில் பயிற்சி ஒன்று, அது முடிந்ததும் கேரளத்தில் பேக்கர் வழியில் நடக்கும் ஏதாவது ஒரு சைட்டில் சில வாரம். ஆன்லைன் படிப்பு ஆறு மாதமும் ராத்திரியில் ஓடட்டும், பகலில் பார்த்ததற்கு அங்கே பெயர் கிடைக்கும். பசுமைத் தேர்வு கடைசி மாதத்தில், அதுவும் பெரிய கம்பெனிக்குப் போவது என்று முடிவு செய்தால் மட்டும். சொந்த வீடு கட்டுகிறவர் இவ்வளவு செய்ய வேண்டியதில்லை, வரைபடம் போடுவதற்கு முன் பழைய சாமான் கடைக்கு இரண்டு முறை போய், கிடைக்கிற நிலை, ஜன்னல் அளவை வைத்து வரையச் சொன்னால் போதும். வரைந்து முடித்த பிறகு போனால் எந்த அளவும் பொருந்தாது, வெறுங்கையோடு திரும்புவீர்கள். சின்ன ஒப்பந்தக்காரர்களுக்கு அந்த நோட்டுதான், வேறு எங்கும் போக நேரம் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

அவன் ஒத்துக்கொண்டான், அக்காதான் இன்னும் யோசிக்கிறாள், எஞ்சினியர் படித்துவிட்டுப் பழைய வீடு பிரிக்கப் போவதா என்று. தை பிறந்ததும் கீரனூர் பக்கம் ஒரு ஓட்டு வீட்டைப் பிரிக்கப் போகிறார்கள். அன்று தாத்தா வீட்டைப் பார்க்க வந்த அந்தப் பழைய சாமான் கடைப் பெரியவர் இப்போது இல்லை, அவர் மகன்தான் தொழிலைப் பார்க்கிறார், பையனைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். நானும் இரண்டு நாள் லீவு போட்டுப் போகிறேன். உத்தரத்தின் முனை சுவருக்குள் எப்படி உட்கார்ந்திருக்கும், அடியில் கல் வைத்திருப்பார்களா, காற்றுக்கு இடம் விட்டிருப்பார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தாத்தா வீட்டில் பார்த்திருக்கலாம், ஜேசிபி அதைக் காட்டவில்லை.